பெண்ணம்மா படங்களை உட்கார வைத்த கதை

என் மனைவி பெண்ணம்மா கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் கோணலாகத் தைத்துக்கொண்டு வந்தால் திட்ட மாட்டாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, துணியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, "பிரிச்சிரு மோளே" என்பாள். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து அவளே பாதியைப் பிரித்துக் கொடுப்பாள். நான் தொம்மிச்சன், கேரளத்தில் பாலாவுக்கும் ஈராற்றுப்பேட்டைக்கும் நடுவில் பஸ் ஓட்டிக் காலத்தைக் கழித்தவன். வண்டியில் ஹார்ன் அடித்தே பழகியதால் எனக்குப் பொறுமை என்ற சாமான் கிடையாது. வீட்டில் அது முழுவதும் அவள் பங்கு.

எங்கள் கிழக்கேமுறி குடும்பம் பெரியது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் எல்லாக் கிளைகளும் சேர்ந்து குடும்ப யோகம் என்று ஒரு கூட்டம் போடுவோம். சில வருடங்களுக்கு ஒரு முறை குடும்பப் புத்தகம் போடுவோம். ஒவ்வொரு வீட்டுக்காரர் படமும் பெயரும் பிள்ளைகுட்டி விவரமும் அதில் இருக்கும். போன தடவை டவுனில் ஒரு கடையில் கொடுத்துச் செய்தோம். அதில் உயிரோடு இருந்த என் அம்மா பெயருக்குப் பக்கத்தில் இறந்தவர்களுக்குப் போடும் சிலுவைக் குறி விழுந்துவிட்டது. அம்மா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தொம்மிச்சா, நான் எப்படா செத்தேன்? அடக்கத்துக்கு யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டாள்.

அதனால் இந்தத் தடவை கமிட்டியில் யாரிடம் வேலையைக் கொடுப்பது என்று பெரிய பேச்சு நடந்தது. தலைவர் சிரியக் சார் எல்லார் முகத்தையும் பார்த்தார். ஆண்கள் எல்லாரும் பலாக்கொட்டைக் கறியில் மும்முரமாக இருந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து பெண்ணம்மா எழுந்தாள்.

"நான் பண்றேன் சார். டிஜோ விட்டுட்டுப் போன லேப்டாப் வீட்ல சும்மாதான் கெடக்கு."

டிஜோ எங்கள் மகன், அயர்லாந்தில் நர்ஸ்.

"கிழக்கேமுறிக்காரங்க புத்தகத்த எழுத, கட்டிக்கிட்டு வந்தவதான் கெடச்சாளா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பொறந்தவங்கல்லாம் சிக்காகோலயும் டப்ளின்லயும் இருக்காங்க. கட்டிக்கிட்டு வந்தவதான் வீட்ல இருக்கா" என்றாள் பெண்ணம்மா. சிரியக் சார் உடனே கைதட்டித் தீர்மானத்தை முடித்துவிட்டார்.

தையல் மெஷினை மடக்கி உள்ளே தள்ளி, அந்தப் பலகைமேல் லேப்டாப்பை வைத்தாள். டைப் அடிக்கப் பழக அவளுக்கு வெகு நாள் ஆகவில்லை. விவரங்கள் தானாக வந்து விழுந்தன. போனில் படங்கள் வந்தபடி இருந்தன. கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம், ஒருத்தர் யானைமேல் உட்கார்ந்த படம், இன்னொருத்தர் தன் படம் வேண்டாமென்று தன் புதுக் காரின் படம்.

வினை படத்தில்தான் இருந்தது. ஒரு படத்தை உள்ளே கொண்டுவந்து வைத்தால் எழுத்தெல்லாம் மிரண்டு நாலாபக்கமும் ஓடும். பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கும். படம் அடுத்த பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும். அவள் சுட்டெலியால் அதைப் பிடித்து இழுத்துவந்து உரியவர் பெயருக்குப் பக்கத்தில் வைப்பாள். நேராக வரவில்லை என்றால் என்டர் பட்டனைத் தட்டித் தட்டி எழுத்தைக் கீழே தள்ளுவாள். சிக்காகோ கிளையில் ஒரு குழந்தை பிறந்தது என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அதற்குப் பிறகு உள்ள எல்லாரும் ஒரு அடி நகர்ந்து பக்கத்து வீட்டுக்குள் போய்விடுவார்கள். மறுபடி இழு, மறுபடி தட்டு.

"ஒரு கொழந்த பொறந்ததுக்கு இவ்வளவு கலவரமாடீ?" என்று கேட்டேன்.

"இனிமே யோகம் முடியற வரைக்கும் யாரும் பெத்துக்கக் கூடாதுன்னு சிரியக் சார்கிட்ட சொல்லணும்" என்றாள், கண்ணை எடுக்காமல்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. என் பெரியப்பாவின் பிள்ளைகள் வர்க்கிச் சேட்டனும் பைலியும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள். பெரியப்பா இறந்தபோது வர்க்கிச் சேட்டன் மலபாரில் தோட்டத்தில் இருந்தார். பஸ் தாமதமாகி அவர் வந்து சேர்வதற்குள், சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று எடுக்கும் படம் எடுத்தாகிவிட்டது. அப்பாவின் தலைமாட்டில், மூத்தவன் நிற்கவேண்டிய இடத்தில், பைலி நின்றிருந்தான். இன்னொரு தடவை எடுங்கள் என்று வர்க்கிச் சேட்டன் கேட்டார். நேரமாகிவிட்டது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். படத்துக்காகவே பைலி அவசரப்படுத்தினான் என்று இவர் நினைத்தார். வேண்டுமென்றே தாமதமாக வந்தவர் பேசுகிறார் என்று அவன் நினைத்தான். அன்றிலிருந்து ஒருவர் வரும் வழியில் இன்னொருவர் வருவதில்லை.

புத்தகம் வருகிறது என்றதும் வர்க்கிச் சேட்டன் பெண்ணம்மாவுக்குப் போன் போட்டார்.

"பெண்ணம்மா, என் படம் அவன் படம் இருக்கிற பக்கத்துல வரக் கூடாது. எதிர்ப் பக்கத்துலயும் கூடாது. சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரத்தில் பைலியும் கூப்பிட்டான். "சேச்சி, புத்தகத்த மூடினா என் மூஞ்சி அந்தாள் மூஞ்சிமேல போய் இடிக்கக் கூடாது. அப்படி வந்துச்சுன்னா எங்க வீட்டுப் பக்கத்தையே கிழிச்சுடுங்க."

வயது வரிசைப்படி இருவரும் அடுத்தடுத்துத்தான் வரவேண்டும். பெண்ணம்மா நடுவில் ஒரு வெற்றுப் பக்கத்தை விட்டாள். கீழே மட்டும் சின்னதாக ஒரு பூக்கொத்து வைத்தாள், பார்ப்பவர்களுக்கு அலங்காரம் போலத் தோன்றட்டும் என்று.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, பிழை பார்க்கச் சொல்லி, குடும்ப வாட்ஸப் குழுவில் அந்தக் கோப்பை அப்படியே அனுப்பினாள். அனுப்பிவிட்டு மரவள்ளிக் கிழங்கு வேகவைக்கப் போனாள்.

கிழங்கு வேகவில்லை. அதற்குள் போன் துள்ளத் தொடங்கிவிட்டது.

அவள் லேப்டாப்பில் ஒழுங்காக இருந்த படங்கள் ஒவ்வொருவர் போனிலும் ஒவ்வொரு விதமாகக் கலைந்து கிடந்தன. கன்னியாஸ்திரியான எங்கள் அத்தை சிஸ்டர் லிட்வின் படம், போன மாதம் கல்யாணமான ஒரு பையனுக்குப் பக்கத்தில் நின்றது. காரின் படத்துக்குக் கீழே 'இரண்டாவது மகள்' என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பைலி வீட்டுப் பக்கத்தில் வர்க்கிச் சேட்டன் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'பைலியும் மனைவி ரோசக்குட்டியும்' என்று எழுதியிருந்தது. நடுவில் விட்ட வெற்றுப் பக்கத்தைக் காணவே இல்லை.

சிக்காகோவிலிருந்து யாரோ 'வாழ்த்துகள்' என்று போட்டார்கள். வர்க்கிச் சேட்டனின் மனைவி ஏலிக்குட்டிச் சேச்சி குரல் பதிவே அனுப்பிவிட்டாள்: "தம்பிகூட இத்தன வருஷம் பேசாம இருந்ததுக்குக் காரணம் இதுதானா மனுஷா?"

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் ஜீப் வந்து நின்றது. வர்க்கிச் சேட்டன் வேட்டியை மடித்துக் கட்டியபடி உள்ளே வந்தார்.

"தொம்மிச்சா, எங்கடா உன் பெண்டாட்டி? ஊர்ல தலை காட்ட முடியல. சவரக் கடைல கூடக் கேக்குறானுங்க, சேட்டா, எப்ப வீடு மாறினீங்கன்னு."

பெண்ணம்மா கை துடைத்துக்கொண்டே வந்தாள். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, வாதாடவும் இல்லை. "உக்காருங்க சேட்டா. பாப்போம்" என்று லேப்டாப்பைத் திறந்தாள். அதில் வர்க்கிச் சேட்டன் தன் பக்கத்தில், தன் பெயருக்கு நேராக, தன் மனைவியோடுதான் இருந்தார்.

"அப்ப என் போன் பொய் சொல்லுதா?" என்று அவர் தன் போனை நீட்டினார். அதில் ரோசக்குட்டியோடு இருந்தார்.

"ரெண்டும் பொய் சொல்லல. எங்கயோ தையல் விட்டிருக்கு" என்றாள்.

டிஜோவைக் கூப்பிட்டாள். அவன் டியூட்டியில் இருந்தான். "அம்மா, எதுக்கு இந்தத் தொல்லை? கடைல கொடுத்துடு, அவங்க பாத்துப்பாங்க."

"கடைக்காரன் உங்க பாட்டிய உயிரோட அடக்கம் பண்ணினான்டா. நீ போய் ஊசி போடு" என்று வைத்துவிட்டாள்.

வர்க்கிச் சேட்டன் நகரவில்லை. தன் படம் ஒழுங்காக உட்காரும் வரை போவதில்லை என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பெண்ணம்மா அவர் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என்னைக் கூப்பிட்டாள்.

"அச்சாயா, இங்க வாங்க. படத்தத் தொட்டா ஓரத்துல சின்னதா ஒண்ணு தெரியுது பாருங்க. என்ன அது?"

குனிந்து பார்த்தேன். "நங்கூரம் மாதிரி இருக்கு."

"நங்கூரம்தான். ஆனா எங்க இருக்கு பாருங்க. சேட்டன் பேர்கிட்ட இல்ல. கடைசில, நான் என்டர் தட்டி விட்ட வெத்து வரில இருக்கு."

அவள் அந்த வெற்று வரிக்கு மேலே இன்னும் நாலைந்து வரி தட்டினாள். வெற்று வரி அடுத்த பக்கத்துக்கு இறங்கியது. வர்க்கிச் சேட்டனும் அதன் பின்னாலேயே ஓடினார்.

"பாத்தீங்களா! படம் பேரோட போறதில்ல. எந்த வரில கட்டியிருக்கோ அதோட போகுது. போன்ல எழுத்து வேற அளவு, அதனால வரியெல்லாம் எடம் மாறிடுச்சு. நான்தான் உங்கள அந்தரத்துல கட்டி வெச்சிருக்கேன்."

"அந்தரத்துலயா?" என்றார் வர்க்கிச் சேட்டன், கொஞ்சம் பயந்துபோய்.

பெண்ணம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தகம் முழுவதையும் பிரிக்கப் போகிறாள்.

பிரித்தாள். தட்டி வைத்த வெற்று வரிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். ஒவ்வொரு வீடும் புதுப் பக்கத்தில் தொடங்கும்படி, என்டருக்குப் பதிலாகப் பக்கத்தையே முறித்து வைத்தாள். வீட்டுக்கு ஒரு சின்னக் கட்டம் போட்டாள். ஒரு அறையில் படம், பக்கத்து அறையில் பெயர். படம் ஒரு எழுத்தைப் போல வரியிலேயே உட்காரும்படி மாற்றினாள். கட்டம் நடுவில் உடைந்து இரண்டு பக்கமாகப் பிரியாமலும் பார்த்துக்கொண்டாள். கடைசியில் கோடுகளை மறைத்துவிட்டால் கட்டம் இருப்பதே தெரியாது.

முதலில் உட்கார வைத்த படம் சிஸ்டர் லிட்வினுடையது. வைத்ததும் அத்தையின் முக்காடு மட்டும் ஒரு ரிப்பன் போலத் தெரிந்தது. முகத்தைக் காணோம்.

"ஐயோ, சிஸ்டரை நறுக்கிட்டியே!" என்று வர்க்கிச் சேட்டன் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதையும் அவளே கண்டுபிடித்தாள். வரிகள் எல்லாம் ஒரே உயரமாக இருக்கட்டும் என்று முன்பு உயரத்தை இறுக்கி வைத்திருந்தாள். படமும் இப்போது வரிக்குள் வந்துவிட்டதால் அந்த உயரத்துக்கு மேல் தெரியவில்லை. இறுக்கத்தைத் தளர்த்தினதும் அத்தை கழுத்து, தோள், கையில் ஜெபமாலை என்று முழுசாக எழுந்து வந்தார்.

"கெணத்துக்குள்ளேர்ந்து ஏறி வர்ற மாதிரி வர்றாங்கடா" என்றார் வர்க்கிச் சேட்டன். கோபத்தைக் கொண்டுவந்தவர் அதை எங்கே வைத்தார் என்று மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பால் விடாத கட்டன் காப்பி, வாழைப்பழத்தில் செய்த பழம்பொரி, பக்கத்தில் நாற்காலி. "அவன் மூக்கு கோணலாத் தெரியுதே", "இவ பேர் தப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெயர்கள் விஷயத்தில் அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

இது பைலி காதுக்கு எட்டியது. ஒரு மத்தியானம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான்.

"சேச்சி, அந்தாள் தினம் இங்க உக்காந்து என் படத்த என்ன பண்றார்னு பாக்க வந்தேன்."

"நல்லதாப் போச்சு. உள்ள வா. காப்பி குடிக்கிறியா?" என்றாள் பெண்ணம்மா, வழக்கமாக வருகிறவனைக் கேட்பதுபோல.

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். தம்பி சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைப் பார்த்தான். நடுவில் பெண்ணம்மா. அன்று பேச்செல்லாம் அவள் வழியாகத்தான் நடந்தது.

"பெண்ணம்மா, அவன்கிட்ட சொல்லு, கல்யாணத் தேதி தப்பாக் கொடுத்திருக்கான்."

"சேச்சி, அவர்கிட்ட சொல்லுங்க, கல்யாணம் எனக்குத்தான் நடந்தது. எனக்குத் தெரியும்."

"அவன்கிட்ட சொல்லு, அன்னைக்கு மழை. கூடாரம் ஒழுகிச்சு. அது ஆவணி இல்ல, ஆனி."

பைலி விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தான். "சேச்சி, ஆனின்னே போட்டுடுங்க" என்றான்.

பழைய படங்கள் கடைசியில் வந்தன. அதில் ஒன்று, தாத்தா காலத்தில் பழைய வீட்டுக்கு ஓடு மேய்ந்த அன்று எடுத்தது. வீட்டுக்கு முன்னால் ஒரு கூட்டம். ஓரத்தில் குடையோடு ஒருவர். யார் யார் என்று கீழே போடவேண்டும். மற்றவர்களை எல்லாம் எழுதியாகிவிட்டது.

"குடை வெச்சிருக்கிறது குஞ்ஞேட்டன் மாமா" என்றார் வர்க்கிச் சேட்டன்.

"சேச்சி, அது மாமா இல்ல, மணியடிக்கிற கப்பியார் அந்தாப்பன்."

"பெண்ணம்மா, மாமாதான். எழுது."

"கப்பியார், சேச்சி. அந்தக் குடை கோயில் குடை."

வர்க்கிச் சேட்டன் நாற்காலியோடு திரும்பினார். "எடா மண்டையா! அந்தாப்பனுக்கு எடது காதுல பாதி கெடையாதுடா! நாய் கடிச்சுது! இங்க பாரு, இந்தாளுக்குக் காது முழுசா இருக்கு!"

"காது இந்தப் பக்கம் திரும்பினாத்தானே தெரியும்! நீங்க பாக்குறது வலது காது!"

"படம் எடுத்தவன் திருப்பிப் போட்டிருந்தா?"

"நீங்க எதையும் ஒத்துக்க மாட்டீங்களே, பொறந்ததுலேர்ந்தே!"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு அந்தாப்பனத் தெரியும்டா!"

அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. நான் காப்பித் தட்டோடு கதவோரத்தில் நின்றிருந்தேன். ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். பெண்ணம்மா என்னைப் பார்த்த பார்வையில் அதை மூடிக்கொண்டேன்.

அவள் எதுவும் நடக்காததுபோலத் திரையைப் பார்த்தபடியே, "அப்ப கீழ என்னன்னு போடட்டும்? ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு சொல்லுங்க. எனக்கு மீன் கழுவணும்" என்றாள்.

வர்க்கிச் சேட்டன் தொண்டையைச் செருமினார். பைலி படத்தை உற்றுப் பார்த்தான். 'குடையோடு நிற்பவர் மாமாவோ கப்பியாரோ' என்று போடலாம் என முடிவாயிற்று. புத்தகத்தில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கடைசியாகப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு போனாள். இருவரும் இருந்தார்கள். வர்க்கிச் சேட்டன் பக்கம் வந்தது. அடுத்து பூக்கொத்து வைத்த வெற்றுப் பக்கம். அதற்கு அடுத்து பைலி.

"இது எதுக்கு?" என்றார் வர்க்கிச் சேட்டன்.

"நீங்க ரெண்டு பேரும் கேட்டதுதான்."

அவர் தாடையைத் தேய்த்தார். தம்பியைப் பார்க்கவில்லை. "காகிதம் என்ன வெல விக்குது. வெத்தா ஒரு பக்கம்... எடுத்துடு."

"எதிர்ப் பக்கமா வந்துடும் சேட்டா."

"வரட்டும்."

பெண்ணம்மா பைலியைப் பார்த்தாள். "எனக்கென்ன சேச்சி" என்று அவன் பூக்கொத்தை நோக்கிச் சொன்னான். "அந்தப் பூவும் ஒண்ணும் நல்லா இல்ல."

அவள் கை அழிக்கும் பட்டன்மேல் போய் நின்றது. எனக்கு அவள் பயம் புரிந்தது. ஒரு பக்கத்தை எடுத்தால் பின்னால் இருக்கும் அத்தனை வீடும் நகரும். முன்பு இப்படி ஒரு வரி போனால்கூட எல்லாரும் எல்லார் மேலேயும் விழுந்தார்கள். அவள் அந்தப் பக்கத்தை அழித்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகக் கீழே போனாள். பைலி ரோசக்குட்டியோடு இருந்தான். சிஸ்டர் லிட்வின் தனியாக இருந்தார். யானைக்காரர் யானைமேலேயே இருந்தார். சிக்காகோக் குழந்தை தன் அம்மா மடியில் இருந்தது. கடைசிப் பக்கம் வரை ஒருவரும் அசையவில்லை.

பெண்ணம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

இந்தத் தடவை கோப்பை அப்படியே அனுப்பவில்லை. எந்தப் போனில் திறந்தாலும் கலையாதபடி பி.டி.எப். ஆக்கி அனுப்பினாள். அச்சகத்துக்கும் அதுவே போனது.

யோகத்தன்று புத்தகம் கைக்குக் கை போனது. சாப்பாட்டுப் பந்தியில் ஆளாளுக்குத் தங்கள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மாட்டிறைச்சி வறுவல் சாப்பிட்டார்கள். ஒரு சித்தி தன் படத்தில் கழுத்து குட்டையாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். "அது நான் வெச்சதில்ல சித்தி, கர்த்தர் வெச்சது" என்றாள் பெண்ணம்மா. சிரியக் சார் மேடையில் அவள் பெயரைச் சொன்னபோது அவள் அங்கே இல்லை. சமையல்கட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

வர்க்கிச் சேட்டனும் பைலியும் இப்போது பேசுகிறார்கள். பேசுகிறார்கள் என்பதைவிடச் சண்டை போடுகிறார்கள் என்று சொல்லலாம். மிளகு விலையில் தொடங்கி மருமகள் சமையல் வரை. போனில் கத்துவது ரோடு வரைக்கும் கேட்கிறது என்று ஏலிக்குட்டிச் சேச்சி சொல்கிறாள். அவளுக்கு அதில் ஏகச் சந்தோஷம்.

போன வாரம் சிஸ்டர் லிட்வின் கூப்பிட்டார். அவர்கள் மடத்துக்கு நூற்றாண்டு மலர் போடுகிறார்களாம். கன்னியாஸ்திரிகள் படம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறதாம். எல்லாரும் ஒரே உடுப்பில் இருப்பதால் யார் யார் என்று அவர்களுக்கே குழப்பமாம். பெண்ணம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக் கிளம்பினாள். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்று என்னை மடத்துப் பார்வையாளர் அறையில் உட்காரவைத்து ஒரு பெரிய துண்டு பிளம் கேக் கொடுத்தார்கள்.

டிஜோ போன் பண்ணினான்.

"அப்பா, அம்மா எங்க? போனே எடுக்கல."

"வேலைக்குப் போயிருக்காடா" என்றேன். "முடிஞ்சதும் கூப்பிடச் சொல்றேன்."